மாடித் தோட்டத்தில் சீமை அத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுத் தோட்டப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக அத்தியைப் பற்றியவை மிகுந்துவருகின்றன. காய் பிடிக்கவில்லை என்பதும், பிடித்த காய் பழுக்காமல் உதிர்கிறது என்பதுமே அவற்றுள் பெரும்பாலானவற்றின் முறையீடு. ஒரே பொருள் பற்றிய கடிதங்களை ஒன்றாக்கி, இம்முறை அத்திக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாற்றுப் பண்ணையில் அத்தி என்று கேட்டு வாங்கி வீட்டின் பின்புறம் நட்ட கன்று, இரண்டே ஆண்டுகளில் மாடிச் சுவரை எட்டிவிட்டது. இலைகள் நீண்டு வழவழப்பாக இருக்கின்றன. பழக்கடையில் விற்கும் அத்திப்பழம் இதில் காய்க்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

காய்க்காது. தாங்கள் நட்டிருப்பது நாட்டு அத்தி. கடைகளில் பெட்டியில் அடுக்கி விற்கப்படுவதும், உலர்த்தி மாலையாகக் கோத்து விற்கப்படுவதும் சீமை அத்தி. தேன் அத்தி என்றும் அஞ்சீர் என்றும் அதற்குப் பெயருண்டு. இரண்டும் ஆல், அரசு ஆகியவற்றோடு ஒரே பேரினத்தில் அடங்குபவை என்றாலும் வெவ்வேறு மரங்கள். சீமை அத்தியின் இலை மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். காய்கள் இலைக் கக்கத்தில் ஒன்றிரண்டாகத் தோன்றும். நாட்டு அத்தியின் இலை மடல் பிரியாதது. காய்களோ அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் கிளம்புபவை.

நாட்டு அத்தியை மட்டமான மரம் என்று எண்ண வேண்டியதில்லை. அதன் பிஞ்சைக் கூட்டாகவும் பொரியலாகவும் சமைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, இறுதியாக 1979இலும் 2019இலும், குளத்திலிருந்து எழுந்தருளி மக்களுக்குக் காட்சி தந்த அத்தி வரதரின் பெயரில் இருப்பதும் இந்த அத்திதான். ஆயினும் அது வாய்க்கால் கரையிலும் தோப்பிலும் விரிந்து நிற்க வேண்டிய பெருமரமாகையால், வீட்டுச் சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஒட்டி வளர்க்கத் தக்கதன்று. வேர் இன்னும் பருக்காத இப்போதே எடுத்துவிடுவது நல்லது. அடுத்த முறை வாங்கும்போது அத்தி என்று மட்டும் கேளாமல், பூனா, டயானா, பிரவுன் டர்க்கி என இரகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத பண்ணையில் வாங்க வேண்டா.

கேள்வி: கடையில் வாங்கிய உலர் அத்திப்பழத்தின் விதைகளை ஊறவைத்துத் தூவினேன், நிறைய முளைத்துவிட்டன. பெரிய தொட்டிகளுக்கு மாற்றி வளர்க்கலாமா? (திருநெல்வேலி வாசகி)

வளர்க்கலாம், பழத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டா. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் அத்தியைப் பற்றிய பல குழப்பங்களுக்கும் விடை இதில்தான் உள்ளது.

அத்திப்பழம் என்று நாம் உண்பது, ஒரு பையை உள்வெளியாகப் புரட்டிவிட்டாற்போல, நூற்றுக்கணக்கான சிறு பூக்களைத் தன் உட்புறச் சுவரில் தாங்கிய பூங்கொத்தாகும். அதன் நுனியில் கண் எனப்படும் நுண்துளை ஒன்று உண்டு. காட்டு நிலையில், ஆண் அத்தி மரத்தின் காய்களுக்குள் வளரும் மிகச் சிறிய குளவி ஒன்று, மகரந்தத்தைச் சுமந்தபடி அந்தக் கண்ணின் வழியே பெண் மரத்தின் காய்க்குள் நுழைந்தால்தான் காய் நிலைத்துப் பழுக்கும். துருக்கியில் உலர்த்தப்பெற்று உலகெங்கும் ஏற்றுமதியாகும் சிமிர்னா வகை அத்தி இன்றும் இந்தக் குளவியை நம்பியே விளைகிறது. கலிபோர்னியாவில் 1880களில் இவ்வகையைக் கொண்டுவந்து நட்டவர்கள், காய் பிடிப்பதும் உதிர்வதுமாகவே பல ஆண்டுகள் கண்டனர். 1899இல் குளவியையும் வரவழைத்து நிலைபெறச் செய்த பிறகே அங்கு அறுவடை கிடைத்தது.

தங்கள் விதைகள் முளைத்ததே அந்தப் பழம் மகரந்தச் சேர்க்கையால் உண்டானது என்பதற்குச் சான்று. அவ்விதைகளுக்குத் தந்தை ஓர் ஆண் அத்தி மரம். ஆகவே நாற்றுகளில் ஏறத்தாழப் பாதி, உண்ணத் தகாத காய் தரும் ஆண் மரங்களாகவே இருக்கும். எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை குளவி இல்லாமல் காயை உதிர்த்துவிடும். அந்தக் குளவி நம் தோட்டங்களில் இல்லை. நாம் வளர்க்க வேண்டியது மகரந்தச் சேர்க்கையின்றியே பழுக்கும் பொது வகை. அதன் பழத்திலுள்ள விதைகள் உள்ளீடற்றவை என்பதால், போத்து, அதாவது நறுக்கிய கிளைத்துண்டை நட்டோ, கிளையை மரத்திலிருக்கும்போதே வேர்விடச் செய்யும் பதியம் போட்டோ மட்டுமே அதைப் பெருக்க முடியும். முளைத்த நாற்றுகளை இலை அழகுக்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியும் மண்ணும் நல்ல இரகத்துக்கு இருக்கட்டும்.

கேள்வி: அத்திப்பழத்துக்குள் பூச்சி செத்துக் கிடக்கும், சைவ உணவினர் உண்ணக்கூடாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் இப்போது தொடவே மறுக்கிறார்கள். உண்மையா? (மயிலாடுதுறை வாசகி)

முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். பூனா, டயானா முதலிய பொது வகை இரகங்களில், குறிப்பாக நம் நாட்டுத் தோட்டங்களில் விளைபவற்றில், குளவிக்கு வேலையே இல்லை. சிமிர்னா வகை உலர் பழங்களில் குளவி நுழைந்து மடிவது உண்மை. எனினும் அது கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுடையது. அத்திக்குள்ளிருக்கும் புரதத்தைச் சிதைக்கும் நொதி அதன் உடலைப் பெரும்பாலும் கரைத்துவிடுகிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நோன்பைப் பொறுத்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்னும் பழமொழியோ நாட்டு அத்தியைக் கண்டு எழுந்தது. அதன் ஒவ்வொரு காய்க்குள்ளும் குளவிகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்வதால், அங்கு அது சொல்லுக்குச் சொல் உண்மை. தங்கள் மாடியில் காய்த்த பழத்தைப் பெரியவர்கள் முன்னிலையிலேயே பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் சீமை அத்தி வைக்க விரும்புகிறேன். எவ்வளவு பெரிய தொட்டி, என்ன மண், எவ்வளவு தண்ணீர்? (மதுரை வாசகர்)

மதுரை வெயிலைக் குறித்துப் பலரும் வருந்தினாலும், அத்திக்கு அது வரமே. மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் வறண்ட கோடையில் பழகிய மரமாதலால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் அதற்கு வேண்டும். நான்கு மணி நேர வெயிலில் செடி உயிரோடு இருக்கும், இலையும் தழைக்கும். பழம் மட்டும் சப்பென்று இருக்கும்.

தொடக்கத்திலேயே பெருந்தொட்டியில் வைப்பது பலரும் செய்வது. சிறு கன்றைச் சுற்றி வேர் எட்டாத மண் நிறைய இருந்தால், அது ஈரம் வற்றாமல் புளித்து வேரை அழுகச் செய்யும். முதலாண்டு 12 அங்குலத் தொட்டியிலும், பிறகு 18 அங்குலத்திலும், இறுதியாக 20 முதல் 24 அங்குல அகலமுள்ள தொட்டியிலும் வைப்பதே முறை. வேர் சற்று நெருக்கப்பட்டிருக்கும்போது அத்தி இலையைக் குறைத்துக் காயைக் கூட்டுகிறது. நனைந்த மண்ணோடு பெரிய தொட்டி நூறு கிலோவைத் தாண்டுமாகையால், மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் இடத்தில், செங்கல் மீது உயர்த்தி வையுங்கள். கறுப்பு நிறத் தொட்டியில் சித்திரை வெயில் வேரைச் சுட்டுவிடும். வெளிர் நிறத் தொட்டி நல்லது, இல்லையெனில் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிவிடலாம்.

செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணலும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு, இவற்றோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற கலவை போதும். நார்க்கழிவை அதிகமாக்கினால் மழைக்காலத்தில் ஈரம் தங்கிவிடும். தண்ணீருக்கு நாள்கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வடியும்வரை ஊற்றி, மீண்டும் காயும்வரை விட்டுவிடுங்கள். கோடையில் அது நாள்தோறும் காலையில் என்றாகும். கார்த்திகையில் பத்து நாளைக்குத் தேவைப்படாமலும் போகும். நண்பகலில் இலை துவண்டு, மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது தாகமன்று. துவண்ட இலையைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் அழுகிய அத்திகளே, வாடிக் கெட்ட அத்திகளைவிட அதிகம்.

கேள்வி: நண்பர் வீட்டு மரத்திலிருந்து போத்து எடுத்து மூன்று முறை நட்டும் அழுகிவிட்டது. என்ன தவறு? (ஈரோடு வாசகர்)

பச்சை நுனியை ஒடித்து நட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஓராண்டு முதிர்ந்து, பட்டை சாம்பல் நிறமேறிய, பென்சில் பருமனுள்ள கிளையில், மூன்று நான்கு கணுக்கள் அமையும்படி ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்வெட்டு சாய்வாகவும் இருக்கட்டும். தலைகீழாக நட்டுவிடாமலிருக்க இதுவும் ஓர் அடையாளம். வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, இரண்டு கணு மண்ணுள் மறையும்படி, உரமே கலவாத மணலும் நார்க்கழிவும் சேர்ந்த கலவையில் நடுங்கள். ஈரம் பிழியப் பிழிய இருக்கக்கூடாது. முதலில் துளிர்ப்பது தண்டில் சேமித்த ஊட்டத்தால்தான். அதைக் கண்டு வேர் விட்டுவிட்டதென்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தால் வேர் பிடிக்கும்.

அவசரமுள்ளவர்கள் விண்பதியம் போடலாம். கிளையில் ஓர் அங்குல அகலத்துக்கு வட்டமாகப் பட்டையை உரித்து, ஈரப்பாசியோ நார்க்கழிவோ வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினால், அத்தியைப் போல விரைவாக வேர்விடும் மரங்கள் குறைவு. தாய்மரத்தின் இலைகளில் மஞ்சள் திட்டுகளும் உருக்குலைவும் இருந்தால் அந்த மரத்திலிருந்து எடுக்க வேண்டா. அத்தித் தேமல் நோய் போத்து வழியாகவே பெரிதும் பரவுகிறது.

கேள்வி: நிலத்தில் நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆளுயரம் தாண்டிக் கருகருவென்று தழைத்திருக்கிறது, ஒரு காய்கூட இல்லை. வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். (நாகர்கோவில் வாசகி)

விவிலியத்தில் லூக்கா நற்செய்தி கூறும் உவமையொன்றில், மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்தியை வெட்டிவிடச் சொல்கிறார் தோட்டத்துக்கு உரியவர். இன்னும் ஓராண்டு பொறுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று வேண்டுகிறார் தோட்டக்காரர். அந்த ஓராண்டைத் தாங்களும் கேட்டுப் பெறுங்கள். எருவை மட்டும் போடாதீர்கள். பாலஸ்தீனத்தின் கல் நிலத்தில் மெலிந்து நின்ற மரத்துக்கு எரு மருந்தாக இருந்திருக்கலாம். கருகருவென்ற இலையும் ஆளுயரத் தழையும், தங்கள் மரத்துக்குத் தழைச்சத்து மிஞ்சிவிட்டதையே காட்டுகின்றன.

சாணக் கரைசல், கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், யூரியா ஆகிய அனைத்தையும் ஓராண்டுக்கு நிறுத்துங்கள். சமையலறைக் கழிவுநீர் அந்தப் பக்கம் பாய்ந்தால் திருப்பிவிடுங்கள். விறகுச் சாம்பல் இரண்டு கைப்பிடியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வேரடியில் தூவலாம். அதிலுள்ள சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் அத்திக்கு உகந்தவை. தென்னையோ மாவோ நிழல் விழுத்தினால், அதன் கிளையைக் கழித்து வெயிலுக்கு வழிவிடுங்கள். கழிக்க இயலாவிட்டால், போத்தெடுத்து வேறிடத்தில் நட்டுவிட்டுக் கணவர் சொற்படி நடப்பதே உசிதம்.

இன்னொன்றும் செய்யலாம். புணே மாவட்டத்தின் புரந்தர் வட்டத்தில், 2016இல் புவிசார் குறியீடு பெற்ற அத்தி விளையும் ஊர்களில், உறங்கும் மொட்டுகளை எழுப்ப ஒரு வழக்கம் உண்டு. முதிர்ந்த கிளையில் மொட்டுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஓர் அங்குல நீளத்துக்குச் சாய்வாகப் பட்டையைச் சீவி எடுக்கிறார்கள். மேலிருந்து இறங்கும் வளர்ச்சித் தடை அந்த இடத்தில் அறுபட, கீழேயுள்ள மொட்டு துளிர்த்துப் பக்கக்கிளையாகிறது. உயரமாக ஒற்றைத் தண்டாகவே போகும் மரத்துக்கு இது பயன்படும். ஒரு கிளையில் மூன்று நான்கு மொட்டுகளுக்கு மேல் சீவ வேண்டா. இவ்வளவும் செய்து, காய் தோன்றித் தோன்றி உதிர்ந்தால், தங்களுக்குக் கிடைத்தது குளவி வேண்டும் வகை என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்து, ஒன்றரை மாதமாக அப்படியே நிற்கிறது. என்ன ஊட்டம் கொடுக்கலாம்? (திருச்சி வாசகர்)

ஒன்றும் கொடுக்காதீர்கள். அத்திக்காய் வளர்வதில் மூன்று கட்டங்கள் உண்டு. தோன்றிய சில வாரங்கள் விரைந்து பருக்கும். பிறகு பல வாரங்கள் அளவிலும் நிறத்திலும் மாறுதலின்றிக் கல்லைப் போல் இருக்கும். இறுதியில், பெரும்பாலும் பத்து நாள்களுக்குள்ளாகவே, இருமடங்காகப் பெருத்து, நிறமேறி, மென்மையாகி, இனிப்பேறும். தாங்கள் கவலைப்படும் காலம் இடைப்பட்ட கட்டம். அச்சத்தில் உரத்தைக் கொட்டி, அதனால் புதுத்தளிர் கிளம்பிக் காயுதிர்வதையே பலரும் காண்கின்றனர். நீர் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே இப்போது முக்கியம். காயவிட்டுக் காயவிட்டு வெள்ளமாகப் பாய்ச்சினால் காய் உதிரும், கடைசிக் கட்டத்தில் தோல் வெடிக்கும். தொட்டி மண்ணின்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகோ வைக்கோலோ பரப்புங்கள்.

கண்ணில் ஒரு துளி எண்ணெய் வைத்தால் காய் விரைவில் பழுக்கும் என்று வேறொரு வாசகர் எழுதியிருக்கிறார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒலிவ எண்ணெயால் நெடுங்காலமாகச் செய்துவருவது அது, நல்லெண்ணெயும் பயன்படும். கண் இலேசாகச் சிவக்கத் தொடங்கும் வேளையில், இரண்டாம் கட்டத்தின் முடிவில் வைத்தால் சில நாள்கள் முந்தும். முன்னதாக வைத்தால் காய் கெடும். விழா நாளுக்குப் பழம் வேண்டுமென்றால் ஒழிய, இதில் எனக்கு ஆர்வமில்லை. தானாகப் பழுத்ததன் சுவை இதற்கு வருவதில்லை.

கேள்வி: அத்தியை எப்போது கவாத்து செய்ய வேண்டும்? ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். (கோயம்புத்தூர் வாசகர்)

மாதத்தை மனப்பாடம் செய்வதைவிட, பழம் எந்த மாதத்தில் வேண்டாம் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது நல்லது. முதன்மைக் காய்ப்பு புதுத்துளிரின் இலைக் கக்கத்தில் வருகிறது. வெட்டிய ஒரு மாதத்தில் துளிரும் காயும் தோன்றி, மேலும் மூன்று, மூன்றரை மாதத்தில் பழுக்கும். பழுக்கும் நாள்களில் மழை பெய்தால் பழம் வெடித்து, கண்ணின் வழியே நீர் புகுந்து புளித்துப்போகும். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ வெட்டினால், சித்திரை வைகாசியின் வறண்ட வெயிலில் இனிப்பேறிய பழம் கிடைக்கும். ஆனியில் வெட்டினால் ஐப்பசி மழையில் பழுக்கும்; கோவையில் மாடியில் மழைத்தடுப்பு இருந்தாலன்றி அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரையிலிருந்து இரண்டடியில் மூன்று நான்கு கிளைகள் நாற்புறமும் விரியுமாறு முதலாண்டிலேயே வடிவமைத்து, பின்னர் ஆண்டுதோறும் அக்கிளைகளில் கிளைத்த முந்தைய ஆண்டுத் தண்டுகளைப் பாதியளவு குறைத்து, உள்நோக்கியவற்றையும் ஒன்றையொன்று உரசுபவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். தொட்டி மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேர்க்கவாத்தும் தேவை. இதே தை மாதத்தில் மண்கட்டியோடு வெளியே எடுத்து, சுற்றிலும் வெளிப்புற வேர்களில் கால்பங்கைச் சீவிவிட்டு, புதுக்கலவை நிரப்பி, அதே தொட்டியில் வையுங்கள். அப்போது வேர்களில் மணிமணியாக முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழு. பழைய மண்ணை முழுவதும் அகற்றி, புதுக்கலவையில் வேப்பம் புண்ணாக்கைக் கூட்டி, தொட்டியோரத்தில் செண்டுமல்லி வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் இலையின் அடியில் செம்பழுப்புப் புள்ளிகள் நிறைந்து, எல்லா இலைகளும் உதிர்ந்துவிடுகின்றன. (புதுச்சேரி வாசகி)

அத்தியின் துரு நோய் இது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் ஏறத்தாழத் தவிர்க்க முடியாதது. பூஞ்சைத் துகள்கள் உதிர்ந்த இலைகளில் தங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்குமாதலால், சருகைக் கூட்டி அப்புறப்படுத்துவதே பாதி மருத்துவம். அவற்றை மட்குக் குழியில் போட வேண்டா. மழை தொடங்குமுன் ஒரு விழுக்காடு போர்டோ கலவையை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். பத்து கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் அதில் செந்நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். பழுக்கும் பருவத்தில் தெளிக்கக்கூடாது. கார்த்திகையில் மரம் மொட்டையாகிவிட்டாலும் அஞ்சாதீர்கள். எப்படியும் தையில் வெட்டப்போகும் கிளைகள்தாமே.

கேள்வி: தண்டில் ஓட்டை, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. (சேலம் வாசகர்)

தண்டுத் துளைப்பான்; மாமரத்தையும் தாக்கும் நீளக் கொம்பு வண்டின் புழு. ஓட்டைக்குள் வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுத்து, வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்து, களிமண்ணால் மூடுங்கள். தூள் புதிதாகக் கொட்டுகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். கொட்டினால் இன்னொரு புழு உள்ளே இருக்கிறது.

கேள்வி: அணிலுக்குப் பயந்து காயாகவே பறித்து அரிசிப் பானையில் வைத்தேன். வாடியதே தவிரப் பழுக்கவில்லை. (திண்டுக்கல் வாசகி)

அரிசிப் பானை மாங்காய்க்குத் துணை செய்யும், அத்திக்குச் செய்யாது. பழுக்கத் தொடங்குமுன் பறித்த அத்தி இனிப்பேறுவதில்லை. காம்பு தளர்ந்து பழம் தலை கவிழ்ந்து தொங்குவதும், தொட்டால் மெத்தென்று இருப்பதும், காம்பில் பால் வடியாமையும், சில இரகங்களில் கண்ணில் தேன்துளி கசிவதுமே பறிக்கும் அடையாளங்கள். மென்வலைப் பைகளைக் காய் பருக்கத் தொடங்கும்போதே ஒவ்வொன்றாகக் கட்டிவிடுங்கள். அணில் பையையும் கடிக்கும் ஊராக இருந்தால் மரம் முழுவதையும் வலைக்குள் வைக்க வேண்டியதுதான். ஒன்றிரண்டை அவற்றுக்கு விட்டுவைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: கிளை வெட்டிய மறுநாள் கையெல்லாம் தீப்பட்டதுபோல் கொப்புளம். அத்திப்பால் நஞ்சா? (சென்னை வாசகர்)

இலை, தண்டு ஆகியவற்றின் பாலிலுள்ள சில பொருள்கள், தோலில் பட்டபின் வெயில் விழுந்தால், ஓரிரு நாள்களில் கொப்புளமும் பின்னர் நெடுநாள் நீங்காத கருந்தழும்பும் உண்டாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மாலை வேளையில் வெட்டுங்கள்; பால் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவி, அந்த இடத்தில் இரண்டு நாள் வெயில் படாமல் மூடி வையுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருவுக்கு அத்திப்பால் தடவும் வழக்கத்தைக் குழந்தைகளிடம் கையாளவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், கிணற்று நீரும் கடினம். அத்தி வருமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

சுண்ணாம்பு நிலம் அத்திக்குப் பிடித்த நிலம். தோட்டக் கிணறு உவர்ப்பேறாத இடமாக இருந்தால் தயங்காமல் நடுங்கள். இலை விளிம்பு கருகினால் உப்புச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மாரி மழை நீரால் வேரடியை நன்றாக அலசவிட்டால் போதும்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த ஆசையில் தொட்டியில் அத்தி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தால் இலையெல்லாம் கொட்டிச் சாகிறாற்போல் ஆகிறது. (டொராண்டோ வாசகி)

சாகவில்லை, உறங்குகிறது, தாங்கள்தாம் அதை உறங்கவிடவில்லை. சீமை அத்தி குளிரில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் மரம். சூடேற்றிய வரவேற்பறையில் அதற்கு வெளிச்சமும் போதாது, ஓய்வும் கிடைக்காது. முதல் உறைபனியில் இலைகள் உதிரட்டும் என்று வெளியிலேயே விட்டு, பின்னர்ச் சூடேற்றாத கார் கொட்டகையில், வெப்பநிலை பூச்சியத்துக்கும் ஐந்து பாகை செல்சியசுக்கும் இடையே நிற்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். வெளிச்சம் தேவையில்லை, மாதத்துக்கொருமுறை ஒரு குவளை நீர் போதும். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவில் தண்டுகள் கருகத் தொடங்குமாதலால், டொராண்டோவின் தை மாதத்தை மரம் வெளியில் தாங்காது. அந்நகரில் குடியேறிய இத்தாலியர்கள், நிலத்தில் நட்ட அத்தியை ஒருபுற வேரை அறுத்துச் சாய்த்து, பள்ளத்தில் கிடத்தி, பலகையும் மண்ணும் மூடிப் புதைத்து, வசந்தத்தில் எழுப்பி நிறுத்துவதை இன்றும் காணலாம். தொட்டி வைத்திருக்கும் தங்களுக்கு அவ்வளவு பாடில்லை. ஏப்ரல் கடைசியில் மொட்டு பருக்கும்போது வெளியே எடுத்து, இரவுப் பனி எச்சரிக்கை வந்தால் மட்டும் உள்ளே நகர்த்தி, முதல் பத்து நாள்கள் நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். அங்குக் கோடை குறுகியதாகையால், ஆகஸ்டுக்குப் பின் தோன்றும் காய்களைக் கிள்ளிவிட்டால் முன்னே வந்தவை பழுக்கும்.